மைத்துனர் வயலில் சாகும் குதிரைவாலி என் வயலில் சாகாதது ஏன்?

வாசகர் கேள்வி: மன்னார்குடி பக்கத்தில் நான்கு ஏக்கரில் சம்பா செய்கிறேன். நடவுக்கு ஆள் கிடைக்காததால் ஏழு வருடமாகச் சேற்றில் நேரடியாக விதைக்கிறேன். விதைத்த இருபதாம் நாள் பிஸ்பைரிபேக் சோடியம் என்ற களைக்கொல்லியை ஏக்கருக்கு 100 மில்லி அடிப்பது வழக்கம். முதல் மூன்று வருடம் வயல் துடைத்துவிட்டது போல் இருந்தது. நான்காம் வருடம் குதிரைவாலிப் புல் அங்கங்கே திட்டுத் திட்டாக நின்றது. பிறகு ஒரு வருடம் பெனாக்சுலம், ஒரு வருடம் பைரசோசல்ஃப்யூரான் என்று மாற்றிப் பார்த்தேன். இந்த வருடம் பிஸ்பைரிபேக்கையே 200 மில்லியாக அடித்தேன். நெல் மஞ்சளித்துப் பிறகு தேறியது. குதிரைவாலியும் சீலைப்புல்லும் அப்படியே நிற்கின்றன, வட்டக்கோரை பாதி நிற்கிறது, கரிசலாங்கண்ணி மட்டும் சுத்தமாகச் செத்துவிட்டது. அதே பெட்டியில் வந்த இன்னொரு பாட்டிலை என் மைத்துனர் மூன்று கிலோமீட்டர் தள்ளித் தம் நடவு வயலில் 100 மில்லிதான் அடித்தார். அங்கே குதிரைவாலி ஒன்றுகூட இல்லை. கடைக்காரர் தண்ணீர் உப்பு என்கிறார், பக்கத்து வயல்காரர் மருந்து போலி என்கிறார். எது உண்மை? அடுத்த முறை 300 மில்லி அடிக்கலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா, வணக்கம்.

தங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். 300 மில்லி அடிக்க வேண்டாம். 200 மில்லி அடித்ததையும் இந்த ஆண்டோடு நிறுத்திவிடுங்கள். தாங்கள் எழுதியிருப்பதைக் கொண்டு பார்த்தால் அளவு போதாமல் போனதாகவோ மருந்து கெட்டதாகவோ எனக்குத் தோன்றவில்லை. தங்கள் வயலில் நிற்கும் குதிரைவாலியும் மைத்துனர் வயலில் செத்த குதிரைவாலியும் பெயரால் ஒரே புல்லாக இருந்தாலும், இந்த மருந்தைப் பொறுத்தவரை இரண்டும் வெவ்வேறு கூட்டங்களாகப் பிரிந்துவிட்டன என்றே ஐயப்படுகிறேன். ஐயம் என்று மட்டும் சொல்வதற்குக் காரணம், சோதித்துப் பார்க்காமல் எவரும் இதை உறுதியாகச் சொல்லக் கூடாது என்பதே. அந்தச் சோதனையைத் தாங்களே செய்துகொள்ளலாம். முறையைப் பின்னால் விளக்குகிறேன்.

மருந்து போலியா என்ற கேள்விக்கு விடை தங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அதே பெட்டியில் வந்த மற்றொரு பாட்டில் மைத்துனர் வயலில் வேலை செய்திருக்கிறது. தங்கள் பாட்டிலும் கரிசலாங்கண்ணியை முழுதாகக் கொன்றிருக்கிறது. நெல்லையே மஞ்சளிக்கச் செய்திருக்கிறது. சரக்கில்லாத மருந்தால் இவை நடந்திருக்க முடியாது. உப்புத் தண்ணீர் என்ற விளக்கமும் இதே காரணத்தால் நிற்கவில்லை, ஏனென்றால் தண்ணீர் மருந்தைக் கெடுத்திருந்தால் எல்லாக் களைகளும் ஏறத்தாழ ஒரே அளவுக்குத் தப்பியிருக்க வேண்டும். தெளிப்பில் பிழை நேர்ந்திருந்தால் அது வயலில் வேறு விதமாகத் தெரியும்: தெளிப்பவர் நடந்த திசையில் பட்டை பட்டையாக, அல்லது வரப்போரத்திலும் திரும்பும் முனைகளிலும், இனம் பார்க்காமல் எல்லாக் களைகளும் சேர்ந்து தப்பி நிற்கும். தங்கள் வயலில் ஓர் இனம் முற்றிலும் சாக, இன்னோர் இனம் முற்றிலும் நிற்கிறது. ஒருமுறை வயலில் இறங்கி, காய்ந்துபோன குதிரைவாலித் தூர் எங்காவது இருக்கிறதா, அதன் பக்கத்திலேயே அதே வயதுள்ள இன்னொன்று பச்சையாக நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டின் மீதும் ஒரே துளிதான் விழுந்திருக்கும்; ஒன்று செத்து மற்றொன்று பிழைத்திருந்தால் வேறுபாடு செடிக்குள் இருக்கிறது என்று பொருள்.

சீலைப்புல்லை மட்டும் தனியே வைத்துப் பேச வேண்டும். பிஸ்பைரிபேக் சோடியம் சீலைப்புல்லை எக்காலத்திலும் சரியாகக் கொன்றதில்லை. அது அந்த இனத்துக்கு இயல்பாகவே உள்ள தாங்குதிறன். தங்கள் வயலில் புதிதாகத் தோன்றியதன்று. மற்றக் களைகள் சாகச் சாக அதற்கு இடமும் வெளிச்சமும் கூடுவதால் ஆண்டுக்கு ஆண்டு அது பெருகுவதாகத் தெரிகிறது. ஓர் இனம் முழுமைக்கும் என்றென்றும் உள்ள இந்தத் தாங்குதிறன் வேறு. முன்பு அந்த மருந்தில் செத்துக்கொண்டிருந்த இனத்தின் ஒரு கூட்டம் இப்போது சாகாமல் போவது வேறு. பின்னதைத்தான் எதிர்ப்புத்திறன் என்கிறோம். தங்கள் குதிரைவாலியும் வட்டக்கோரையும் பின்னதைச் சேர்ந்தவையாக இருக்கக்கூடும்.

இன்னொரு காரணத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மைத்துனர் வயல் நடவு வயல். அங்கே நெல் நாற்றாக முந்திக்கொள்கிறது, நட்ட நாள் முதல் தண்ணீர் நிற்கிறது; களை தாமதமாக, சிறிதாக, ஏறத்தாழ ஒரே வயதில் வருகிறது. நேரடி விதைப்பில் நெல்லும் புல்லும் ஒரே நாளில் முளைக்கின்றன. பிறகும் மண் காய்ந்து நனையும் ஒவ்வொரு முறையும் புதுக் களை வருகிறது. இருபதாம் நாளில் முதலில் முளைத்த குதிரைவாலி தூர் கட்டத் தொடங்கியிருக்கும், கடைசியில் முளைத்தது இரண்டு இலையில் நிற்கும். இந்த மருந்துக்கு மூன்று நான்கு இலைப் பருவமே ஏற்றது. தூர் கட்டிய புல் எதிர்ப்புத்திறன் எதுவும் இல்லாமலே தப்பிவிடும். வயலில் தண்ணீரை வடிக்காமல் இலை மூழ்கியிருக்கும்போது அடித்தாலும், மாறாக மண் வெடிக்கும் அளவுக்குக் காய்ந்து செடி வாடியிருக்கும்போது அடித்தாலும், அடித்த சில மணி நேரத்தில் மழை பெய்தாலும் இதுவே நடக்கும். ஆகவே இரண்டு வயல்களுக்கும் உள்ள வேறுபாட்டில் ஒரு பங்கு வயதாலும் நீராலும் வந்ததாக இருக்கலாம். ஆனால் முதல் மூன்று ஆண்டுகளும் தாங்கள் இதே முறையில்தான் விதைத்தீர்கள், இதே நாளில்தான் அடித்தீர்கள். அப்போது வயல் சுத்தமாக இருந்தது. முறை மாறாமல் விளைவு மட்டும் மாறியிருப்பதால்தான் என் ஐயம் களையின் மீது திரும்புகிறது.

மருந்து அடித்து அடித்துப் புல்லுக்குப் பழகிவிட்டது என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. நடப்பது அதுவன்று. மருந்து எந்தச் செடியையும் வலிமையாக்குவதில்லை. எந்தக் களைக்கூட்டத்திலும் செடிக்குச் செடி பிறவியிலேயே சிறு வேறுபாடுகள் உண்டு. மருந்தையே காணாத வயலிலும் இலட்சக்கணக்கில் ஒன்றிரண்டு செடிகள் அதைத் தாங்கும் தன்மையோடு முளைத்திருக்கும். மருந்து மற்ற எல்லாவற்றையும் கொன்று, அந்த ஒன்றிரண்டுக்கு வயலை ஒழித்துக் கொடுக்கிறது. ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. நான்கு ஏக்கர் என்பது சுமார் 16,000 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 50 குதிரைவாலி முளைத்தால் மொத்தம் 8 இலட்சம் செடிகள். அவற்றில் தாங்கும் செடி ஒன்றே ஒன்று என்று கொள்வோம். அது தப்பி விதை உதிர்க்கிறது. குதிரைவாலி ஒரு செடி பல ஆயிரம் விதைகள் கொடுக்கும் என்றாலும், அடுத்த ஆண்டு அவற்றில் 50 மட்டும் பயிராகி மருந்தையும் தாண்டுகின்றன என்று வையுங்கள். இரண்டாம் ஆண்டில் 50 செடிகள் நான்கு ஏக்கரில் கண்ணில் படாது. மூன்றாம் ஆண்டில் 2,500. ஆறேழு சதுர மீட்டருக்கு ஒன்று, தங்களுக்கு அப்போதும் வயல் துடைத்தது போலத்தான் தெரியும். நான்காம் ஆண்டில் 1,25,000; விதை தாய்ச்செடியின் அருகிலேயே விழுவதால் திட்டுத் திட்டாக. தாங்கள் பார்த்ததும் அதுவே அல்லவா? மூன்று ஆண்டு வெற்றியும் நான்காம் ஆண்டில் திடீரென்று வந்த தோல்வியும் ஒரே நிகழ்ச்சியின் இரு பகுதிகள்.

மூன்று கிலோமீட்டரில் இப்படி மாறுமா என்று தாங்கள் நினைக்கலாம். மாறும். குதிரைவாலி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் புல். ஒரு வயலின் புல்லோடு அடுத்த வயலின் புல் கலப்பது குறைவு. ஆகவே ஒவ்வொரு வயலின் கூட்டமும் அந்த வயலில் என்ன நடந்ததோ அதைத் தன் விதையில் தாங்கி நிற்கிறது. மைத்துனர் வயலில் நடவும் நின்ற தண்ணீரும் கைக்களையும் சேர்ந்து வேலை செய்திருக்கும். மருந்து அங்கே துணைக்கு வந்தது. தங்கள் வயலில் ஏழு ஆண்டுகள் மருந்து மட்டுமே தேர்வு செய்தது. ஆனால் விதை நகரும் என்பதையும் மறக்க வேண்டாம். வாய்க்கால் தண்ணீர், வீட்டில் எடுத்து வைத்த விதைநெல், சாணம், எல்லாவற்றுக்கும் மேலாக வயல் விட்டு வயல் போகும் அறுவடை இயந்திரம் ஆகியவை இதைக் கொண்டு சேர்த்துவிடும். மைத்துனர் வயல் இன்று சுத்தமாக இருப்பது என்றைக்கும் அப்படியே இருக்கும் என்பதற்கு உறுதியாகாது.

தங்கள் நிலையை அப்படியே ஒத்த பழைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு நாற்றுப்பண்ணையில் 1958 முதல் ஆண்டுக்கு ஓரிரு முறை சிமசின், அட்ரசின் ஆகிய மருந்துகளையே தெளித்து வந்தார்கள். ஏறத்தாழ பத்து ஆண்டுகளில் அங்கே செனிசியோ வல்காரிஸ் என்ற சிறு களை சாகாமல் நிற்கத் தொடங்கியது. அந்தப் பண்ணையின் விதையையும், அந்த மருந்துகளைத் தொடர்ந்து அடிக்காத இன்னோர் இடத்தின் விதையையும் எடுத்து ஒன்றாக விதைத்துச் சோதித்து, 1970-இல் முடிவை வெளியிட்டார்கள். மற்ற இடத்து விதையிலிருந்து வந்த செடிகள் எக்டேருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ மருந்திலேயே அடங்கிவிட்டன. பண்ணை விதையிலிருந்து வந்தவை ஏறத்தாழ 18 கிலோவுக்கும் அசையவில்லை. அளவை இரட்டிப்பாக்கலாமா, மும்மடங்காக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் இந்தச் சோதனையைத்தான் சொல்வேன்.

அளவைக் கூட்டினாலும் சாகாததன் காரணம் செடியின் உள்ளே இருக்கிறது. பிஸ்பைரிபேக் செடிக்குள் போய் ஒரே ஒரு நொதியைத்தான் முடக்குகிறது. வேலின், லியூசின், ஐசோலியூசின் என்ற மூன்று அமினோ அமிலங்களைச் செடி உண்டாக்க உதவும் அந்த நொதியைச் சுருக்கமாக ஏ.எல்.எஸ். என்பார்கள். பூட்டில் சாவி பொருந்துவது போல மருந்து அந்த நொதியின் ஓரிடத்தில் போய் அமர்கிறது. அந்த இடத்தின் அமைப்பு சிறிது மாறிய செடியில் மருந்து அமரவே முடியாது. அமர முடியாத மருந்தை மூன்று மடங்கு ஊற்றியும் பயன் இல்லை. இரண்டாவது வழி வேறு. நெல் இந்த மருந்தில் சாகாமல் இருப்பது, அதைத் தனக்குள் விரைந்து சிதைத்துவிடுவதால்தான். சில களைச்செடிகளுக்கும் அந்தச் சிதைக்கும் திறன் மிகுந்திருக்கும். அப்படிப்பட்ட கூட்டத்தில் அளவைக் கூட்டினால் திறன் குறைந்த செடிகள் சாகும், மிகுந்தவை மட்டும் தப்பி விதைக்கும். அடுத்த ஆண்டு அந்த அளவும் போதாது. செலவை மிச்சப்படுத்தப் பாதி மருந்து அடிப்பதும் இதே கேட்டைத்தான் செய்கிறது. ஆஸ்திரேலியாவில் ரைபுல் என்ற களையின் மீது குறைந்த அளவு மருந்தைத் தலைமுறைதோறும் அடித்துப் பார்த்ததில், சில தலைமுறைகளிலேயே அது முழு அளவையும் தாங்கத் தொடங்கியது. சீட்டில் சொன்ன அளவுக்குக் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

இனி, மருந்தை மாற்றிப் பார்த்தும் பயன் இல்லையே என்று எழுதியிருந்தீர்கள். இந்த இடத்தில் தங்களை யாரும் எச்சரிக்காமல் விட்டது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது. பெனாக்சுலம், பைரசோசல்ஃப்யூரான், பென்சல்ஃப்யூரான், மெட்சல்ஃப்யூரானும் குளோரிமியூரானும் சேர்ந்த கலவை ஆகிய எல்லாமே பிஸ்பைரிபேக் தாக்கும் அதே ஏ.எல்.எஸ். நொதியைத்தான் தாக்குகின்றன. பாட்டில் மாறியது, நிறுவனம் மாறியது, விலை மாறியது. தாக்கும் இடம் மாறவே இல்லை. ஏழு ஆண்டுகளும் தாங்கள் ஒரே குழுவின் மருந்தைத்தான் அடித்திருக்கிறீர்கள். உலகில் 270-க்கும் மேற்பட்ட களை இனங்களில் ஏதாவது ஒரு மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பதிவாகியிருக்கிறது. அவற்றில் மிக அதிகமான இனங்கள் இந்த ஏ.எல்.எஸ். குழுவுக்கே பணியாமல் போனவை. குதிரைவாலி இனத்தில் இத்தாலி, சீனா, அமெரிக்காவின் ஆர்கன்சா ஆகிய இடங்களின் நெல் வயல்களில் இது கண்டறியப்பட்டிருக்கிறது.

வட்டக்கோரை நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி. கேரளத்திலும் சத்தீஸ்கரிலும் நெல் வயல்களிலிருந்து எடுத்த வட்டக்கோரையைச் சோதித்து, அது பிஸ்பைரிபேக்குக்கு எதிர்ப்புத்திறன் பெற்றிருப்பதை இந்திய ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்டார்கள். ஒரு செடி 50,000 விதை வரை கொடுக்கக்கூடியது. முளைத்து ஒரு மாதத்திலேயே விதைக்கு வந்துவிடும். விதை தூசு போல இருப்பதால் தண்ணீரோடு போகும். இதற்கு முன்பே கலிபோர்னியாவின் நெல் வயல்களில் இதே கோரை பென்சல்ஃப்யூரானுக்குத் தப்பியது. அங்கே வெவ்வேறு வயல்களின் கோரையை ஒப்பிட்டபோது, சில கூட்டங்கள் இந்தக் குழுவின் ஒரு பிரிவு மருந்துகளை மட்டும் தாங்கின, சில கூட்டங்கள் குழுவின் எல்லா மருந்துகளையும் தாங்கின. நொதியில் எந்த இடத்தில் மாற்றம் நேர்ந்தது என்பதைப் பொறுத்து இது அமைகிறது. ஒரே நாடு, ஒரே பயிர், ஒரே களை. வயலுக்கு வயல் வேறு நடத்தை. ஆகவே அடுத்த ஊரில் ஒருவருக்குப் பலித்த மருந்து என்பதற்காக அதையே தாங்களும் வாங்கிவிடக் கூடாது.

நம் நாட்டில் இதற்குப் பெரிய விலை கொடுத்தவர்கள் அரியானா, பஞ்சாப் கோதுமை விவசாயிகள். மண்டூசி அல்லது குல்லி டண்டா என்று அவர்கள் அழைக்கும் புல்லுக்கு 1980-களில் ஐசோபுரோட்யூரான் என்ற ஒரே மருந்தை ஆண்டு தவறாமல் அடித்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் அது பலிக்காமல் போனது. கதிர் வரும் முன்பே கோதுமையை மாட்டுத் தீவனமாக அறுத்துப் போட்டவர்களும் உண்டு. அந்தப் புல் கண்டுபிடித்த வழி, கோதுமை அந்த மருந்தைச் சிதைக்கும் அதே வழிதான். நெல்லும் கோதுமையும் மட்டுமே மாறி மாறிச் செய்த வயல்களில் எதிர்ப்புத்திறன் மிகுந்திருந்தது. நடுவில் கரும்போ பெர்சீம் தீவனமோ சூரியகாந்தியோ செய்தவர்களின் வயல்களில் குறைவாக இருந்தது. 1990-களின் இறுதியில் குளோடினாஃபாப், ஃபெனாக்சாப்ராப், சல்ஃபோசல்ஃப்யூரான் என்ற புதிய மருந்துகள் வந்து அவர்களைக் காத்தன. உழாமல் கோதுமை விதைக்கும் முறையும் அந்தப் புல்லின் முளைப்பைக் குறைத்து உதவியது. பிறகு அந்தப் புதிய மருந்துகளையும் பழைய முறையிலேயே அடித்தார்கள். அவற்றில் சிலவற்றுக்கும் அந்தப் புல் இன்று பணிவதில்லை.

இப்போது சோதனைக்கு வருகிறேன். தங்கள் வயலில் தப்பி நிற்கும் குதிரைவாலியில் இருபது முப்பது செடிகளிலிருந்து, முற்றித் தொட்டால் உதிரும் நிலையில் உள்ள விதையைக் காகித உறையில் தட்டி எடுங்கள். மைத்துனர் வயலின் வரப்பிலோ, மருந்தே அடிக்காத ஒரு குட்டையோரத்திலோ வளர்ந்த அதே இனத்தின் விதையை இன்னோர் உறையில் எடுங்கள். புதிதாக உதிர்ந்த குதிரைவாலி விதை உடனே முளைக்காமல் உறங்கக்கூடும் என்பதால் இரண்டையும் நிழலில் காயவைத்து, சித்திரை வரை உலர்ந்த இடத்தில் வைத்திருங்கள். பிறகு நாற்றுத் தட்டுகளில் ஒரே மண்ணை நிரப்பி, ஒவ்வொரு தட்டிலும் இருபது செடி நிற்கும்படி இரண்டு விதைகளையும் தனித்தனியே விதையுங்கள். மூன்று இலை வந்ததும் தெளியுங்கள். ஏக்கருக்கு 100 மில்லியை 200 லிட்டர் தண்ணீரில் கலப்பது முழு அளவு என்பதால் அது லிட்டருக்கு அரை மில்லி. மருந்துக்கடையில் கிடைக்கும் ஊசிக்குழலால் அதைச் சரியாக அளந்துவிடலாம். ஒரு சோடித் தட்டுக்கு மருந்தே இல்லாத தண்ணீர், ஒரு சோடிக்கு லிட்டருக்குக் கால் மில்லி, ஒரு சோடிக்கு அரை மில்லி, ஒன்றுக்கு ஒரு மில்லி, ஒன்றுக்கு இரண்டு மில்லி. ஒவ்வொரு அளவுக்கும் உரிய தட்டுகளைத் தரையில் வரிசையாக வைத்து, வயலில் நடக்கும் அதே வேகத்தில், விசிறி போல விழும் தட்டை நாசிலால் ஒருமுறை மட்டும் அடியுங்கள். இந்தக் குழு மெதுவாகக் கொல்வது என்பதால் அவசரப்படாமல் இருபத்தோராம் நாள் எண்ணுங்கள்.

மருந்து காணாத விதையின் செடிகள் அரை மில்லியில் செத்து, தங்கள் விதையின் செடிகள் அதே அளவிலும் அதற்கு மேலும் நின்றால் ஐயம் உறுதியாகிறது. இரண்டும் அரை மில்லியிலேயே செத்துவிட்டால் தங்கள் புல்லில் குறை இல்லை. அடித்த நாளையும் தண்ணீர் வடித்த முறையையும்தான் திருத்த வேண்டும். தங்களுடையது அரை மில்லியில் பாதி தப்பி ஒரு மில்லியில் சாகுமானால் முடிவுக்கு வர வேண்டாம். மருந்தே காணாத இரண்டு ஊர்ப் புற்களுக்கு இடையிலும் இரண்டு மடங்கு வேறுபாடு இயல்பாக இருக்கக்கூடும். அந்த நிலையில் விதையை நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டி, மறுசோதனைக்கு உதவி கேளுங்கள். சித்திரைச் சோதனையிலேயே சைஹாலோஃபாப் பியூட்டைல் என்ற மருந்துக்கும் சில தட்டுகளை ஒதுக்குங்கள். காரணம், அடுத்த சம்பாவுக்கு நான் சொல்லப்போவது அதைத்தான். சிதைக்கும் திறனால் தப்பும் புல்லாக இருந்தால் தாக்கும் இடமே வேறான அந்த மருந்தையும் அது சிதைக்கக்கூடும். வாங்கி வயலில் ஊற்றிய பிறகு தெரிந்துகொள்வதைவிடத் தட்டில் தெரிந்துகொள்வது நல்லது.

அடுத்த சம்பாவில் மருந்துக்கு முன்னால் தண்ணீரையும் உழவையும் வேலை செய்ய விடுங்கள். தண்ணீர் வந்ததும் ஒருமுறை நனைத்து விட்டுவிட்டால் மேல்மண்ணில் கிடக்கும் களைவிதை முளைத்து வரும். இரண்டு வாரம் கழித்துச் சேற்றுழவில் அதை அமுக்கிவிட வேண்டும். காலம் இருந்தால் இதை இரண்டு முறை செய்யலாம். புல் எந்த மருந்தைத் தாங்கினாலும் சேற்றில் புதைவதைத் தாங்காது. விதைத்த மூன்று நான்கு நாளுக்குள், நெல்லைக் காக்கும் துணைப்பொருள் சேர்ந்த பிரெட்டிலாகுளோரை ஈர மண்ணில் அடிக்க வேண்டும். துணைப்பொருள் சேராத பிரெட்டிலாகுளோரை நேரடி விதைப்பில் அடித்தால் முளைநெல் பாதிக்கப்படும் என்பதால் வாங்கும்போது சீட்டைப் படித்துப் பாருங்கள். இது தாக்கும் இடம் வேறு. தப்பி வரும் குதிரைவாலிக்கும் சீலைப்புல்லுக்கும், தட்டுச் சோதனை அனுமதித்தால், இரண்டு மூன்று இலையில் தண்ணீரை வடித்துவிட்டு சைஹாலோஃபாப். அது கோரையைத் தொடாது. கோரைக்கு 2,4-டி சோடியம் உப்பைத் தனியாக, வேறொரு நாளில் அடிக்க வேண்டும். இரண்டையும் ஒரே டேங்கில் கலந்தால் புல் மருந்தின் வேகம் குறைந்துவிடும். பக்கத்தில் பருத்தியோ காய்கறியோ இருந்தால் காற்றில்லாத நேரம் பார்த்து அடியுங்கள், அல்லது 2,4-டி-யையே தவிர்த்துவிடுங்கள்.

நான்கு ஏக்கரில் மிகவும் கெட்டுப்போன ஒரு ஏக்கரையாவது அடுத்த முறை இயந்திர நடவுக்கு மாற்றி, நட்டது முதல் இரண்டு அங்குலத் தண்ணீரை விடாமல் நிறுத்திப் பாருங்கள். குதிரைவாலியும் வட்டக்கோரையும் நின்ற தண்ணீருக்கு அடியில் முளைப்பது மிகக் குறைவு. மீதியில் கைவிதைப்புக்குப் பதிலாக உருளை விதைப்பானால் வரிசையில் விதைத்தால் கோனோவீடர் என்ற களையெடுக்கும் கருவியை ஓட்ட இடம் கிடைக்கும். ஆள் கிடைக்காததால்தான் இந்த முறைக்கே வந்தீர்கள் என்பதை மறக்கவில்லை. நான்கு ஏக்கருக்கும் ஒரே ஆண்டில் இதைச் செய்யச் சொல்லவும் மாட்டேன்.

ஆனால் ஒரு வேலையை இந்த ஆண்டே, இந்த வாரமே செய்ய வேண்டும். ஆவணிக் கடைசியில் விதைத்த வயலில் ஐப்பசி முடிவதற்குள் குதிரைவாலி கதிர் தள்ளியிருக்கும். இதுவரை நெல்லோடு கலந்து அடையாளம் தெரியாமல் நின்ற புல் இப்போது தலைநிமிர்ந்து தன்னைக் காட்டுகிறது. ஐயமாக இருந்தால் இலை தண்டோடு சேரும் இடத்தைப் பாருங்கள், நெல்லுக்கு அங்கே நாக்கு போன்ற சவ்வு இருக்கும், குதிரைவாலிக்கு இருக்காது. சோதனைக்கு வேண்டிய சில செடிகளை மட்டும் குறித்து வைத்துக்கொண்டு, மற்றவற்றை விதை உதிரும் முன் பிடுங்கவோ கதிரை மட்டுமாவது அறுக்கவோ ஏற்பாடு செய்யுங்கள். முதலில் அடர்ந்த திட்டுகளில் தொடங்குங்கள். அறுத்ததை வரப்பில் போடவோ மாட்டுக்குக் கொடுக்கவோ கூடாது; மாட்டின் வயிற்றைத் தாண்டியும் இந்த விதை முளைக்கும், பிறகு குப்பையோடு வயலுக்கே திரும்பி வரும். சாக்கில் கட்டி வெளியே கொண்டுபோய்க் காயவைத்து எரித்துவிடுங்கள். அறுவடை இயந்திரத்தைத் தங்கள் வயலுக்குக் கடைசியாக வரச் சொல்லுங்கள். அது மைத்துனர் வயலுக்குப் போவதாக இருந்தால் தங்கள் வரப்பிலேயே நிறுத்திச் சல்லடைகளையும் தொட்டியையும் சுத்தம் செய்த பிறகு அனுப்புங்கள். தங்கள் வயல் நெல்லை இந்த ஆண்டு விதைக்கு எடுக்க வேண்டாம்.

விதை உறைகளின் மீது எடுத்த தேதியையும் வயலின் எந்த மூலை என்பதையும் எழுதி வையுங்கள். ஏழு ஆண்டுகளிலும் எந்த ஆண்டு, விதைத்த எத்தனையாம் நாள், எந்த மருந்து, எவ்வளவு, அன்று வயலில் தண்ணீர் இருந்ததா என்பதை நினைவுக்கு எட்டிய வரை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள். மைத்துனரிடமும் அவர் வயலின் கணக்கைக் கேட்டு எழுதுங்கள். சித்திரையில் தட்டுகளை எண்ணி முடித்ததும் அந்த எண்களையும் சேர்த்து அனுப்பினால், அடுத்த விதைப்புக்கு முன் எந்த ஏக்கருக்கு எந்த மருந்து என்பதைத் தங்களோடு சேர்ந்து முடிவு செய்கிறேன்.